சன்ஷேடுக்கு மேலே இரண்டு இஞ்ச்

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் மாமனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. ஹாலோ பிளாக் சுவர், கான்கிரீட் தளம், மாடி கிடையாது. நாங்கள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். சனி, ஞாயிறு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்விடுவோம். மாமியார் மட்டும் அங்கேயே இருக்கிறார். கீழே வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

அந்த வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளிப்பலகை அடித்த கதை இது. ஆள் வைத்துச் செய்வதா, நாமே செய்வதா என்று யோசித்து, நாமே என்று முடிவெடுத்து, பாதி கெடுத்து, அப்புறம் ஆள் வைத்துச் சரிசெய்தோம். கணக்கு நோட்டு கையில் இருப்பதால் ரூபாயோடு சொல்கிறேன்.

சுவர்

26 அடி நீளம், 10 அடி உயரம், இரண்டு ஜன்னல். வீட்டின் மேற்கே பள்ளத்தாக்கு. ஜூனில் காற்று ஏறி வரும்போது மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். ஹாலோ பிளாக்கின் உள்ளே பொந்து. ஒருமுறை நனைந்தால் அந்த ஈரம் லேசில் போகாது. தென்மேற்குப் பருவம் முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். சுவர் உருப்படியாகக் காய்வது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும்தான்.

உள்பக்கம் அந்தச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். ஜூலை மாதத்தில் அதில் தாள் கிழித்தால் சத்தமே வராது. ஈரத் துணி மாதிரி கையோடு வரும், பாதித் தேதி அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மாமியார் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து நாலு வருஷம் ஆகிறது.

வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் இரண்டு தடவை அடித்துப் பார்த்தோம். இரண்டு தடவையும் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது. சுவருக்குள் ஏற்கெனவே இருந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்பது அப்போது புரியவில்லை. மழைத்தண்ணீர் சுவரைத் தொடவே கூடாது, அதற்கு முன்னால் இன்னொரு தோல் வேண்டும் என்ற முடிவுக்கு அப்புறம்தான் வந்தேன். மலையில் இது ஒன்றும் புதிதில்லை. மழை அடிக்கும் பக்கம் தகரம் அடித்த பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். தகரம் சத்தம் போடும், பார்க்கவும் குடோன் மாதிரி இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அதனால் ஃபைபர் சிமென்ட் பலகை. சிமென்ட், மணல், மரநார் சேர்த்து அழுத்திச் செய்வது. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று கேட்டு வாங்க வேண்டும்.

விலை கேட்டது

சேலத்தில் இந்த வேலைக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. ‘எலிவேஷன் வேலை’ என்றால் புரிந்துகொள்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் ஏ.சி.பி. ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம் ஒட்டியது) போடுங்கள், பளபளவென்று இருக்கும் என்றார். வீட்டை மொபைல் கடை ஆக்க எனக்கு விருப்பமில்லை. இன்னொருவர் மலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் வந்தார், டேப் பிடித்தார், சதுர அடிக்கு 210 ரூபாய் என்றார். பொருள், கூலி, வண்டி எல்லாம் சேர்த்து; பெயின்ட் தனி. ஜன்னலைக் கழிக்காமல் 260 சதுர அடிக்கு 54,600 ரூபாய். மூன்று நாள் வேலை.

ஜன்னலை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன். “ஜன்னல சுத்தி வெட்டுறதுதாங்க சார் வேலையே” என்றார். அப்போது அது ஏமாற்றுப் பேச்சாகத் தெரிந்தது. இப்போது அவர் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மனைவியின் தம்பிக்கு, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவனுக்கு, டூவீலர் வொர்க்‌ஷாப். கிரைண்டர், டிரில் எல்லாம் அவனிடம் உண்டு. “மாமா, ரெண்டு பேரும் சேந்தா ஒரு வாரம். எதுக்கு அம்பதாயிரம்?” என்றான். நானும் இரண்டு வாரமாக ராத்திரி ராத்திரி அமெரிக்க வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஒரு வீட்டை மூடிவிடுகிறார்கள்.

அந்த வீடியோவால்தான் முதல் கோளாறு. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. 16 இஞ்சுக்கு ஒரு நெடுக்குச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் தண்ணீரை உள்ளே விடாமல் ஈரக்காற்றை வெளியே விடும் ஒரு துணி, அதற்கும் மேல் இந்தத் தோல். ஆணி அடித்தால் மரம் பிடித்துக்கொள்ளும். வினைல் என்றால் இன்னும் சுலபம், ஆணியை இறுக்கக்கூடக் கூடாது. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் தொங்கவிட்டதுபோல் விட வேண்டும். நம் சுவர் செங்கல், பிளாக். அதைவிட முக்கியமாக, அந்த வீடியோ எதிலும் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கிடையாது. நம் ஊரில் சன்ஷேடு இல்லாத ஜன்னல் உண்டா? இந்த வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை.

ஒன்பது நாள்

மே மாதம் லீவு போட்டேன். கோடை விழா நேரம், மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டி. சேலத்திலிருந்து குட்டி யானையில் எட்டுக்கு நாலு அடி, 8 எம்.எம். பலகை 10 ஏற்றினோம். ஒரு பலகை 30 கிலோவுக்கு மேல். படுக்க வைத்து, அடியில் இரண்டே இரண்டு கட்டை கொடுத்திருந்தோம். வளைவு வளைவாக ஏறி வந்து இறக்கும்போது அடிப்பலகை நடுவில் கீறிப்போய் இருந்தது. இன்னொன்றை நாங்களே உடைத்தோம். கட்டில் தூக்குவதுபோல் இரண்டு பேரும் படுக்கைவசமாகத் தூக்கினோம், தன் பாரத்திலேயே ‘டப்’ என்று இரண்டாகப் போனது. செங்குத்தாக, விளிம்பில் நிறுத்தித்தான் தூக்க வேண்டுமாம். அந்தப் பாடத்துக்கு 1,500 ரூபாய்.

சட்டத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய், 16 இஞ்சுக்கு ஒன்று. அதைச் சுவரில் பிடிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரில் ஒரு இஞ்ச் கடந்ததும் பொந்துக்குள் விழும். பிளக்கைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் அதுவும் சேர்ந்து சுற்றும். ஒன்றரை நாள் இப்படிப் போனபின்தான் மேலே ஜன்னல் தலைக்கு மேல் ஓடும் லிண்டல் கான்கிரீட்டிலும், கீழே பேஸ்மட்டக் கான்கிரீட்டிலும், நடுவில் பிளாக் சேரும் இடத்துக் கலவையிலும் நீள ஆங்கர் போட்டால் நிற்கிறது என்று கண்டுபிடித்தோம். ஆள் வைத்திருந்தால் அந்த ஒன்றரை நாள் மிஞ்சியிருக்கும்.

வெட்டும் தூசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் மாப்பிள்ளை கிரைண்டரை வைத்து, மூக்கில் ஒரு கைக்குட்டையோடு, மூன்று பலகை வெட்டினான். வெள்ளைப் புகை காப்பிச் செடி வரைக்கும் போனது. அன்று ராத்திரி முழுக்க இருமினான். இந்தப் பலகைத் தூசியில் சிலிகா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிகா நுரையீரலில் போய்த் தங்கினால் வருவது சிலிகோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கைக்குட்டை அதற்கு ஒன்றும் செய்யாது. மறுநாள் என்95 மாஸ்க் வாங்கினோம். நேர் வெட்டுக்கெல்லாம் கார்பைடு முனைக் கத்தியால் ஆழமாகக் கோடு கிழித்து ஒடித்தோம். ஜன்னல் மூலைக்கு மட்டும் தண்ணீர் விட்டு கிரைண்டர். வேலை மெதுவாக நடந்தது, புகை வரவில்லை. கூலிக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் அந்தக் கைக்குட்டையோடுதான் வருகிறார்கள் என்பது தனி வருத்தம்.

மற்றதெல்லாம் சுலபம். பலகைக்குப் பலகை 3 எம்.எம். இடைவெளி விட்டு, விளிம்பிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஸ்க்ரூ போட்டு, இடைவெளியில் சிலிகான் அடித்து, பெயின்ட் அடித்தோம். சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது என்பது அடித்த பிறகு தெரிந்தது. பெயின்ட் நிற்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் சுவர் ஜம்மென்று இருந்தது. தட்டுவடை செட் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து தின்றுகொண்டே பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். மாப்பிள்ளை அவருக்கு ரேட் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூலை

ஜூனில் ஒன்றும் ஆகவில்லை. ஜூலை இரண்டாவது வாரம் மாமியார் போன் செய்தார். “ஜன்னலுக்கு மேல இருந்து சொட்டுதுங்க மாப்ள. முன்னாடி ஈரம்தான் வந்துச்சு. இப்ப தண்ணியே வருது.”

போய்ப் பார்த்தேன். இடது ஜன்னல் மேல்சட்டத்தின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், தரையை ஒட்டிச் சுவர் நெடுக நாலு இஞ்ச் உயரத்துக்கு ஈரக்கோடு. ஏணி போட்டு, கண்ணில் பட்ட இடுக்கெல்லாம் மூன்று டியூப் சிலிகான் அடித்தேன். மறுவாரம் சொட்டு அதிகமானது.

எஸ்டேட் குடோன்களுக்குக் கூரை போடும் பெரியவர் ஒருவரை மாமியார் வரச் சொன்னார். எழுபது வயது இருக்கும், தகர வேலைக்காரர். சுவரை ஒரு சுற்று பார்த்தார். பலகையைத் தொடவில்லை. ஏணியில் ஏறி, ஒரு சொம்புத் தண்ணீரை சன்ஷேடு மேல் மெதுவாக ஊற்றினார். நான் கீழே நின்று, தண்ணீர் முன்பக்கமாக வழியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. சொம்புத் தண்ணீர் முழுக்கச் சுவர்ப்பக்கமாக நகர்ந்து, பலகையின் அடி விளிம்பில் போய் மறைந்தது. சன்ஷேடு வாட்டம் உள்நோக்கி இருந்திருக்கிறது. கட்டிய காலத்திலிருந்தே.

“இதுக்கு மேல என்ன போட்டீங்க தம்பி?”

“சிலிகானுங்க ஐயா.”

அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு சொம்பு கேட்டார்.

பிரித்துப் பார்த்ததில்

இரண்டு பலகையைக் கழற்றியதும் எல்லாம் வெளிச்சமானது. அதில் நான் முக்கியமாகத் தெரிந்துகொண்டது: பலகைக்குப் பின்னால் தண்ணீர் போகும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும், காற்றோடு வரும் மழை எந்த இடுக்கிலாவது நுழையும். அதனால்தான் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அந்த ஒன்றரை இஞ்ச் இடைவெளியே விடுவது. நுழைந்தது அந்த இடைவெளியில் இறங்கி, அடியில் வெளியேற வேண்டும். மிச்ச ஈரத்தை அதில் ஓடும் காற்று காயவைக்க வேண்டும்.

நான் செய்தது நேர்மாறு. சன்ஷேடு மேலே பலகையின் அடி விளிம்பு தாங்குவதற்காகக் குறுக்கே ஒரு குழாய் வைத்தேன். மேலிருந்து இறங்கிய தண்ணீருக்கு அது அணையாகிவிட்டது. பலகை சன்ஷேடு மேல் நேராக உட்கார்ந்திருந்தது, வெட்டிய விளிம்புக்கு பிரைமர்கூட அடிக்கவில்லை. தேங்கிய தண்ணீரை அது திரிபோல உறிஞ்சிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் ஓரம் மாவாக உதிர்ந்தது. நான் அடித்த கூடுதல் சிலிகான், கொஞ்சநஞ்சம் வெளியே போய்க்கொண்டிருந்த வழியையும் அடைத்துவிட்டது. சுவரின் அடியில் எலி, பாம்பு நுழையுமே என்று பயந்து இடைவெளியைக் கலவை போட்டு மூடியிருந்தேன். அந்த நாலு இஞ்ச் ஈரக்கோடு அதன் வேலை.

பெரியவர் சன்ஷேடின் மேல்பக்கத்தைக் கொத்தி, வாட்டம் வெளியே வரும்படி கலவை பூசினார். சுவர்ப் பூச்சில் அரை இஞ்ச் ஆழத்துக்கு ஒரு காடி வெட்டினார். அலுமினியத் தகட்டை இரண்டு இடத்தில் மடித்து, மேல் விளிம்பைக் காடிக்குள் செருகிக் கலவையால் அடைத்து, கீழ் விளிம்பை சன்ஷேடு மேல் வெளிநோக்கி விட்டார். பின்னால் இறங்கும் தண்ணீர் இனி தகட்டில் விழுந்து முன்னால் வந்துவிடும். பலகையை சன்ஷேடிலிருந்து இரண்டு இஞ்ச் மேலேயே நிறுத்தினார். குறுக்குக் குழாயில் இடையிடையே வெட்டி வழிவிட்டார். அடியில் கலவையைத் தட்டி எடுத்துவிட்டு, மண்ணிலிருந்து அரை அடி உயரத்தில் பலகையை முடித்து, எலிக்குக் கம்பி வலை வைத்தார். தண்ணீர் போகும், காற்று வரும், எலி வராது. எனக்கு இது தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதைக் கேட்டேன் என்றில்லை. மொத்தத்தையும் கழற்றிவிட்டுத் தகரம் அடிப்பதுதான் சரி என்று கடைசி நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு

நாங்கள் முதலில் செலவழித்தது: உடைந்ததற்கு மாற்றும் சேர்த்து 12 பலகை 18,000, குழாய் 9,500, ஸ்க்ரூ, ஆங்கர் 3,500, சிலிகான் 2,800, பிளேடு, கத்தி 900, சாரம் வாடகை 1,500, வண்டி 2,500. ஆக மொத்தம் 38,700 ரூபாய். பெயின்ட் எப்படியும் தனி என்பதால் சேர்க்கவில்லை. 54,600-லிருந்து கழித்தால் 15,900 மிச்சம். ஜூன் மாதம் முழுக்க இந்த எண்ணைப் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன்.

ரிப்பேர்: பலகை 2 மறுபடி, 3,000, தகடு 1,400, பெரியவரும் கையாளும் மூன்று நாள், 6,000, வலை, பி.யூ. சீலன்ட் 1,800, போக்குவரத்து 900. மொத்தம் 13,100.

மிஞ்சியது 2,800 ரூபாய். ஒன்பது நாள் லீவுக்கும் மாப்பிள்ளையின் இருமலுக்கும் சேர்த்து.

அப்படியானால் முதலிலேயே ஆள் வைத்திருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆகஸ்டில் சேலம் திரும்பியதும், 210 ரூபாய் சொன்ன அந்தக் கான்ட்ராக்டரிடமே கேட்டேன்: எங்கள் சுவரை நீங்கள் செய்திருந்தால் சன்ஷேடு மேலே என்ன செய்திருப்பீர்கள்?

“சிலிகான் அடிச்சிருவோம் சார்.”

அடியில்?

“கலவை வெச்சு நீட்டா குளோஸ் பண்ணிக் குடுத்துருவோம்.”

அவர் மேல் தப்பு சொல்லவில்லை. அவர் செய்வதெல்லாம் சேலத்தில் கடை முகப்பு. ஐந்து ரோட்டில் ஒரு சுவர் நனைந்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அங்கே அந்தச் சிலிகான் பத்து வருஷம் தாங்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனியில் நிற்கும் சுவர் வேறு. அவருக்கு 54,600 கொடுத்திருந்தால் சட்டம் நேராக இருந்திருக்கும், இரண்டு பலகை உடைந்திருக்காது, மூலை வெட்டு சுத்தமாக இருந்திருக்கும், மூன்றே நாளில் முடிந்திருக்கும். ஜூலையில் சொட்டியிருக்கும். சொட்டும்போது அவர் மலையேறி வந்திருப்பாரா என்பது தனிக் கேள்வி. சட்டம் அடிப்பதில் அவர் கெட்டிக்காரர். மலை மழை பழகியவர் அந்தப் பெரியவர். நான் இரண்டும் இல்லை. அப்படி இருந்தும் நான் வீணாக்கியது என் நேரமும் நாலு பலகையும்தான். ஆகவே நாமே செய்தது முட்டாள்தனம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். சன்ஷேடைப் பற்றி யாரிடமும் கேட்காமல் ஆரம்பித்தது முட்டாள்தனம்.

இன்றைய நிலை: ஒரு முழு வருஷ மழை கடந்துவிட்டது. ஜன்னல் காய்ந்தே இருக்கிறது. தரையோரக் கோடு மறைய அடுத்த மார்ச் வரை ஆனது. வடக்கு மூலையில் ஒரு பலகைச் சேர்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீரோ சுவரோரம் திரும்பிவிட்டது. காலண்டர் தாள் ‘சர்’ என்று கிழிகிறது.

தெற்குச் சுவர்

அடுத்தது தெற்குச் சுவர். அந்தப் பக்கம் நிலம் சரிந்து இறங்குவதால் தரையிலிருந்து 18 அடி உயரம். சரிவில் சாரம் கட்டி 30 கிலோ பலகையை மேலே ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை தயார்தான். நான் தயாரில்லை; அந்த உயரத்தில் கூலியை மிச்சம் பிடிக்க மாட்டேன். சட்டமும் பலகையும் அந்தக் கான்ட்ராக்டருக்குத்தான். விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் நாங்கள், தரையில் வைத்தே அடித்துக் கொடுத்துவிடலாம்.

போன வாரம் கான்ட்ராக்டர் வந்து அளந்தார். பெரியவர் மடித்த தகட்டின் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, காடியிலிருந்து சன்ஷேடு வரை எப்படி வரவேண்டும் என்று சாக்பீஸால் சுவரில் வரைந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வேணும்னா சன்ஷேடு நீளத்துக்கு அடிக்கு நூத்தி இருபது ரூபா தனியா ஆகும் சார்.”

போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு சொம்பும் எடுத்து வைத்துக்கொண்டேன்.